உப்பில்லாத சூப்பும் ஒரு கறுப்புப் பொத்தானும்

தலைமை ஏற்றுவிட்டுத் தப்பிக்க வழி தேடும் எங்கள் மேலாளர் ஐயா அவர்களே! ஊசிக்கும் நூலுக்கும் உயிர் கொடுக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! மூத்த கைகளே! மடியில் பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்தபடி காதை மட்டும் எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! இந்தத் தையற்கூடத்தின் சமையல்காரி, கரண்டி பிடித்த கையால் மைக்கைப் பிடித்து உங்களை வணங்குகிறேன்.

"கூடி முடிவெடுப்பது எப்படி?" இதுதான் தலைப்பு. பேச அழைத்தது யாரை? நீங்கள் எல்லோரும் கூடி வேலையை விட்டுத் துரத்தப் பார்த்த என்னை! இந்தக் குறும்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். பொத்தான் தைக்கும் அக்கா, தலையைக் குனியாதீர்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம். மேலாளர் ஐயா முதல் கரண்டி சூப்பை வாயில் வைத்தார், முகத்தைச் சுளித்தார். "அய்யய்யோ, உப்பு கரிக்குது!" என்றார். அவ்வளவுதான்! வெட்டும் மேஜை கரிக்கிறது என்றது. இஸ்திரி மேஜை கரிக்கிறது என்றது. இன்னும் தட்டையே எடுக்காத கணக்கர், "ஆமா, ரொம்பக் கரிப்பு" என்றார்!

நான் ஓடி வந்து சொன்னேன்: "ஐயா, உப்பு தீர்ந்துபோச்சு. இன்னிக்கு ஒரு சிட்டிகைகூடப் போடலை."

கணக்கர் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா, போடாமயே இந்தக் கரி கரிக்குது. போட்டிருந்தா நம்ம கதி?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. வீட்டில் படுக்கையில் கிடக்கும் கணவருக்கும் எனக்கும் இந்த அடுப்பை விட்டால் வேறு அடுப்பு இல்லை.

அன்றைக்கே என்னை அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. யாரையாவது வேலையை விட்டு அனுப்புவதானால், டப்பாவில் ஆளுக்கொரு பொத்தான் போட்டுத்தான் முடிவெடுப்பது நம் கூடத்து வழக்கம். இருக்கட்டும் என்றால் வெள்ளைச் சட்டைப் பொத்தான். போகட்டும் என்றால் கறுப்புக் கோட்டுப் பொத்தான். புகாருக்கு ஆளானவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. கையை மூடிக்கொண்டு போட வேண்டும். ரகசியமாம் ரகசியம்!

அடடா, பொத்தானோடு பிறந்து பொத்தானோடு வளர்ந்தவர்களே! கோட்டுப் பொத்தான் எவ்வளவு கனம், சட்டைப் பொத்தான் எவ்வளவு லேசு என்று தூக்கத்திலும் சொல்வீர்களே! தகர டப்பாவை வைத்துவிட்டீர்களே! மேலாளர் ஐயா முதலில் போட்டார்: டங்! அடுத்தவர் ஒரு கணம் தயங்கினார்: டங்! அப்புறம் டங், டங், டங்! என் முறை வருவதற்கு முன்பே என் வேலை போய்விட்டது.

அப்போது எழுந்தார் பொத்தான் அக்கா. "நிறுத்துங்கப்பா! இது ரகசியமா, இல்ல மேளமா? எல்லாத்தையும் கொட்டுங்க. அடியில துணியப் போட்டு மறுபடியும் ஆரம்பிங்க. யார் என்ன நினைக்கிறாங்கன்னு யாருக்கும் கேக்கக் கூடாது."

துணி போட்டார்கள். சத்தம் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தும் பயனில்லை. கடைசியில் டப்பாவைக் கவிழ்த்தால், மேஜை நிறைய வெள்ளை! ஒன்றே ஒன்று கறுப்பு. எல்லோரும் மேலாளர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

அவர் பதறிப்போனார். "சத்தியமா நான் இல்லப்பா! எனக்கு வாய்ப்புண்ணு, அதான் எரிஞ்சுது. நீங்க எல்லாரும் கரிக்குதுன்னீங்களா, சொன்ன சொல்ல மாத்தக் கூச்சமாப் போச்சு. இப்ப வெள்ளைதான் போட்டேன்!"

யாரும் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. ஆகவே இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன், ஐயாவின் மானத்தைக் காப்பாற்ற.

அந்தக் கறுப்புப் பொத்தான் என்னுடையது.

ஆம், என்னுடையதுதான்! உப்பே இல்லாத அடுப்படியில் உப்பே போடாமல் சமைத்தவள் நான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை வாய் சேர்ந்து சொன்னபோது, என் நாக்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேரா பொய் சொல்வார்கள், இனி இந்தக் கைக்குச் சமையல் வேண்டாம் என்று நானே என்னை அனுப்பிக்கொண்டேன். துணி மட்டும் போடாதிருந்தால், ஒருவரும் விரும்பாத ஒரு காரியத்தை நாம் எல்லோரும் ஒருமனதாகச் செய்து முடித்திருப்போம்!

கூட்டத்தின் குரல் பெரிது. அந்தக் குரல் எழும் முன்னே உங்கள் நாக்கு என்ன சொன்னது? அதை முதலில் கேளுங்கள். பெரியவர்களே, நீங்கள் கடைசியில் பேசுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. துணி போட்ட அக்காவுக்குத் தனி நன்றி. வெளியே சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் ருசி பார்த்துச் சொல்லி முடிக்கும்வரை, மேலாளர் ஐயா வாய் திறக்கக் கூடாது என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்!