இடது களத்திலிருந்து ஒரு குரல்

சூரியகாந்தி விதையை மென்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இந்த ஒஹையோ வெயிலில் இடது வெளிக்களத்தில் நின்றே காலம் தள்ளிய பேஸ்பால்காரனுக்கு வாய் சும்மா இருக்காது.

வில்கின் பெராசாவைப் பற்றித்தானே விசாரிக்க வந்தீர்கள். தங்கமான பையன். டொமினிக்கன் நாட்டுக்காரன். எனக்குப் பக்கத்தில், நடுக்களத்தில் மான் மாதிரி ஓடுவான். மட்டையைக் கையில் கொடுத்தால் மட்டும் ஈ ஓட்டுவான். அவனை வேறு அணிக்குத் தள்ளிவிடச் சொல்லி ஊரே கத்தியது. ரேடியோவில் பேசிய ஒரு பல் டாக்டர், அவனைக் கொடுத்துவிட்டு ஒரு வாளி பழைய பந்து வாங்கினாலும் லாபம் என்றார். நானும் எங்கள் மேனேஜர் ஹாலிஸிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பையன் இங்க வாடிப் போறான் ஹாலிஸ். வேற டீமுக்கு அனுப்பிட்டா பொழச்சுக்குவான்."

"அவனுக்கு வயசு இருக்கு கிளின்ட். உனக்குத்தான் இல்ல," என்றார். மனிதருக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம்.

எங்கள் வெளிக்களத்தில் ஓர் ஆள் உபரி. போவது அவனா, நானா என்பதுதான் பேச்சு. என் வீடு இங்கே, என் மகள்கள் படிப்பதும் இங்கேதான். முப்பத்தேழு வயதில் வேறு அணிக்குப் போகிறவன் அங்கே பெஞ்சைத் தேய்த்துவிட்டு ஓய்வுபெற வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

ஆட்களைக் கைமாற்றுவதற்குக் கடைசி நாள். அன்று பகல் ஆட்டம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அந்த நாளில் ஆட்டத்தின் நடுவே ஒருவனை உட்காரச் சொன்னால் அவன் விலைபோய்விட்டான் என்று அர்த்தம். அடிபட்டால் பேரம் கெட்டுவிடுமே. பிறகு எல்லோரும் வரிசையில் வந்து அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். நேற்றுவரை அவனைத் திட்டியவன்தான் அதிகம் அழுவான்.

ஆறாவது இன்னிங்ஸுக்குக் கிளம்பும்போது ஹாலிஸ் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இந்த இன்னிங்ஸ் முடிஞ்சதும் நீ உக்காந்துரு கிளின்ட்."

சரி என்றேன். களத்துக்குப் போனேன்.

பந்து எனக்கும் வில்கினுக்கும் நடுவே உயரமாக வந்தது. அவன் துரத்தினான். அண்ணாந்து ஓடுகிறவனுக்குக் களத்தின் எல்லையில் நிற்கும் சுவர் தெரியாது. பக்கத்தில் இருப்பவன்தான் அவனுக்குக் கண். "இடமிருக்கு" என்று கத்தினால் ஓடுவான், "சுவர்" என்றால் நிற்பான். எதிராளியின் குடும்பத்தையே இழுத்து ஏசுவோம், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் எவனும் விளையாட மாட்டான். அவன் ஓடிய பக்கத்தில் சுவருக்கு மெத்தை கிடையாது, இரும்புக் கதவு.

"இடமிருக்கு வில்கின், நிறைய இடமிருக்கு," என்றேன். எனக்கு நல்ல உரத்த குரல்.

முட்டி நொறுங்கியது, தோள் இறங்கியது. முதலில் ஓடிப்போய் அவன் தலையைத் தாங்கியவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாலிஸ் மூச்சிரைக்க வந்தார். "இவன உள்ள கூப்பிடத்தான் கையத் தூக்குனேன். இப்பத்தான் போன் வந்துச்சு, இவன் போறது முடிவாயிருச்சுன்னு."

"அப்ப என்னை எதுக்கு உக்காரச் சொன்னீங்க?"

"காலையிலேருந்து நொண்டுறியேய்யா."

உடைந்த முட்டியை எந்த அணி வாங்கும்? பேரம் அன்றே முறிந்தது. அவன் இனி நடக்கலாம், ஓட முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அடுத்த வருடமும் இதே களம் என்று ஹாலிஸ் சொல்லியிருக்கிறார். வேறு ஆள் இல்லையாம்.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு வில்கின் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, கதவு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"நல்லாத் தெரிஞ்சுதுடா," என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.