வேலையை விடாத செல்வி

மட்டாஞ்சேரி படகுத்துறையில் எர்ணாகுளம் போட்டுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், கழுத்தில் ஒரே ஆபீஸின் அடையாள அட்டை. இளையவள் சொன்னாள்:

"டீச்சர், நம்ம பேட்ச்ல செத்துப்போனவ ஒருத்திதான் ஒழுங்கா வேலைக்குப் போறா."

"என்ன மோளே, காலையிலேயே இப்படிப் பேசறே?"

"அரசாங்கச் செலவுல உங்ககிட்ட தையல் படிச்சவங்க இப்பவும் வேலையில இருக்காங்களான்னு போன் பண்ணிக் கேக்கறதுதானே என் பாடு? பாதிப் பேர் நின்னுட்டாங்க. மீதிப் பேர் போனே எடுக்கறதில்ல. செல்வி மட்டும் ஒரே ரிங்ல எடுக்கறா."

"செல்வியோட அடக்கத்துக்கு நாம ரெண்டு பேரும்தானே போனோம்?"

"அதான் சொல்றேன். 'வேலையிலதான் இருக்கேன் மேடம்'கறா. பின்னாடி மெஷின் ஓடற சத்தம் கேக்குது."

"அவ அக்கா தங்கச்சி யாராவது எடுத்திருப்பாங்க."

"செல்வி குரல் எனக்குத் தெரியாதா டீச்சர்?"

போட் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. இளையவளே தொடர்ந்தாள்:

"கோர்ஸ் முடியற அன்னைக்கு எல்லாரையும் மெஷின் மேல கை வைக்கச் சொல்லி நீங்க சத்தியம் வாங்குவீங்க இல்ல?"

"ஆமா. ஒரு வருஷமாவது வேலையில இருக்கணும், இல்லேன்னா உங்களுக்குச் செலவழிச்சது தண்டம்னு சொல்வேன். அதுக்கென்ன?"

"ஒவ்வொரு தடவையும் போனை வைக்கறதுக்கு முன்னாடி செல்வி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. 'வருஷம் முடிஞ்சிருச்சான்னு டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா மேடம்? கை ரொம்ப வலிக்குது.'"