மூடி மூடாத மாத்திரைப் பெட்டி

மாத்திரைப் பெட்டி வாங்கும்போது நிறத்தைப் பார்க்கக் கூடாது, அறையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். நான் நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். வெளிர் நீலம், வாரத்துக்கு ஏழு அறை. மீனெண்ணெய்க் குளிகை ஒன்றே பாதி அறையை அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் விசாரணைக்கு எதற்கு என்று உங்கள் முகம் கேட்கிறது. தேவைப்படும், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் போகுமிவா. இதே லூப்ளின் நகரத்தில் முப்பத்தோரு வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தினேன். நானூறு பிள்ளைகள் சாப்பிட்டார்கள், ஒரு பிள்ளைக்கும் ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு மிஞ்சியது ஒரே வயிறு, என் கணவர் ரோமெக்குடையது. அவர் டிராலி பஸ் ஓட்டியவர். தட்டில் எதை வைத்தாலும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்.

தினமும் காலையில் அவருக்கு ஒன்பது கொடுத்தேன். வைட்டமின் டி, மக்னீசியம், துத்தநாகம், பூண்டுச் சாறு, மீனெண்ணெய், கண்ணுக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, ஈரலுக்கு ஒன்று, ஞாபகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் மருந்துக் கடையில் நின்று, அட்டையைப் படித்து, நானே தேர்ந்தெடுத்தது. பத்தாவது மட்டும் டாக்டர் வில்சின்ஸ்கா எழுதிக் கொடுத்தது. ரோமெக்கின் இதயத் துடிப்பு இரண்டு வருடமாக ஒழுங்கில்லை. ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடாமல் இருக்க அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. அது எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

தொலைக்காட்சியில் மருந்து விளம்பரம் முடியும்போது ஒரு குரல் மூச்சுவிடாமல் ஓடும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். தாளைப் படி, டாக்டரைக் கேள், தவறாகப் பயன்படுத்தினால் உயிருக்கு ஆபத்து. என் ஒன்பதில் எதன் விளம்பரத்திலும் அந்தக் குரல் வந்து நான் கேட்டதில்லை. ஒரு பெண் சிரிப்பாள், படிக்கட்டில் ஓடி ஏறுவாள், அவ்வளவுதான். எதை நம்புவது என்று இதற்கு மேலும் ஒருவர் சொல்ல வேண்டுமா?

போன இலையுதிர் காலத்தில் முதியோர் சங்கத்துக்கு ஒரு பல்கலைக்கழகப் பெண் கேள்வித்தாளோடு வந்தாள். இந்தச் சத்து மாத்திரைகள் மருந்தா, உணவா என்று ஒரு கேள்வி. உணவு என்று எழுதினேன், அதுதான் சரியான விடை என்று அவளே சொன்னாள். இவற்றைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்வீர்களா என்று இன்னொன்று. முட்டைக்கோஸ் சாப்பிட்டதைச் சொல்கிறேனா என்று கேட்டேன். மேசையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரி ஏழாம் தேதி ரோமெக்கின் பெயர் நாள், அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். வீட்டில் பன்னிரண்டு பேர். மீனும் சாலட்டும் கேக்கும் நான் ஒருத்தியாகச் செய்தது. ரோமெக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்க. அந்த வெள்ளை மாத்திரைக்கும் டாக்டரம்மாவுக்கும்தான் இந்தக் கோப்பை. அவங்க இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

அவருடைய தங்கை லுத்மிலாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ எங்க அண்ணி தினமும் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுறாங்களே, அதெல்லாம் எதுக்கு அண்ணா?"

"அதுவா? அது ஜெபமாலை மாதிரி. உருட்டுறவளுக்கு நிம்மதி. எனக்கும் ஒண்ணும் கெட்டுப்போகலை, விடு."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேக்கை வெட்டினேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இப்போதும் வருகிறது. ஐந்து வருடம் நான் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய உடம்பு, நன்றி மட்டும் அந்தம்மாவுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நிரப்பும்போது மூடி மூடவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். வெள்ளையை எடுத்தேன், ஏழு அறையிலிருந்தும். வைட்டமின் சி தீர்ந்துபோன ஒரு குழாயில் போட்டு வைத்தேன். மாதாமாதம் சீட்டைக் காட்டி வாங்குவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கேட்பார்கள். ரோமெக் எதையும் பார்க்க மாட்டார். உள்ளங்கையில் கொட்டி, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நூறு வாரம் ஆனதும் வருகிற பெயர் நாளில், அந்தக் குழாயைப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் மேசையில் கொட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். யார் உன்னைக் காப்பாற்றியது, இப்போது சொல் என்று கேட்க.

எட்டாவது வாரம் காலைச் சாப்பாட்டின்போது அவர் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ஏதோ சொன்னார், வார்த்தை குழைந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

"போகுஷா, டாக்டரை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா? பயமா இருக்கும்மா."

"மக்னீசியம் பத்தலை. நாளையிலிருந்து ரெண்டாப் போடுறேன்."

"நீ சொன்னா சரிதான்."

அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் சமையலறையில், நான்கு எட்டில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தம்மா ஜெயித்திருப்பார்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் சின்னத் தோட்டத்தில், திராட்சைப் புதருக்குக் களை எடுக்கும்போது சாய்ந்தார். மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். சேர்க்கும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். ஒன்பதையும் வரிசையாகச் சொன்னேன். குழாயைக் கண்டுபிடித்தது லுத்மிலா. எழுபத்தேழு மாத்திரை, நீங்களும் எண்ணிப் பார்த்திருப்பீர்கள்.

இடம் போதாததால் எடுத்தேன் என்றேன் இல்லையா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பத்தில் சின்னது அதுதான். எடுத்த பிறகும் மூடி மூடவில்லை, ரப்பர் வளையம் போட்டுத்தான் வைத்திருந்தேன். மார்ச் எட்டு, பெண்கள் தினத்தன்று, ரோமெக் ஐந்து துலிப் பூவும் ஒரு பெட்டியும் வாங்கி வந்தார். ஆழமான அறைகள், ஒரு நாளைக்கு நான்கு அறை வீதம். "இனிமே ரப்பரோட மல்லுக்கட்ட வேண்டாம் போகுஷா" என்றார். அதைப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். இருபது மாத்திரை வைத்தாலும் மூடும்.

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் எழுதுங்கள். அந்த மாத்திரை இல்லாமல் அவர் பதினோரு வாரம் உயிரோடு இருந்தார். அது யாரால் என்று டாக்டரம்மாவையே கேளுங்கள்.