எரிந்த வண்டியில் மிஞ்சிய கட்டுக்கம்பி

பெயர் ராயப்பராஜ். வயது 53. தகப்பனார் பெயர் பிரான்சிஸ், காலமாகிவிட்டார். திண்டுக்கல் தாடிக்கொம்பு சாலையில் 'அகில உலக மோட்டார் சைக்கிள் அலங்கார மையம்' என்ற பெயரில் ஒர்க்‌ஷாப் வைத்து நடத்தி வருகிறேன். இரண்டு வண்டியை உள்ளே விட்டால் மூன்றாவது வண்டி சாலையில்தான் நிற்க வேண்டும், அந்த அளவுள்ள தகரக் கொட்டகை. அதன் பின்புறத்திலேயே குடியிருக்கிறேன். 06.03.2025 வியாழக்கிழமை காலை 10 மணிக்கு யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் அவர்கள் முன்பாக இதைச் சொல்கிறேன். இதே வழக்கில் 04.03.2025 அன்று மருத்துவமனை வாசலில் வைத்து நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி பொய். அந்தப் பொய்யால் மணிமாறன் என்கிற சம்பங்கி விவசாயி சிறையில் இருக்கிறார். அவரை வெளியே விட வேண்டும் என்பதற்காகவே வந்தேன்.

எதையும் பெரிதாக்கிச் சொல்வது என் பழக்கம். ஆத்தூர் அணையில் நான் ஒரு கெண்டையைப் பிடித்து வெளியே போட்டதும் அணையில் இரண்டடி தண்ணீர் குறைந்தது என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். யாரும் அதை எழுதிக் கையெழுத்து வாங்கியதில்லை. செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாக எழுதிக்கொண்டார்கள். இன்று நான் பேச ஆரம்பித்ததும் எழுதிக்கொள்ளும் தலைமைக் காவலர், "அண்ணே, இன்னைக்காவது அளந்து பேசுங்க" என்றார். அளந்துதான் பேசுகிறேன்.

என் அக்கா ஆனந்தமேரி தாடிக்கொம்பில் ஆசிரியை. அவருடைய ஒரே மகன் ரொனால்டு, வயது 22, காந்திகிராமத்தில் படிக்கிறான். ஜனவரி மாதக் கடைசியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினான். அதன் பின்னர் அதற்கு முழு பாடி கிட்டும் புது சைலன்சரும் மாட்ட வேண்டும் என்று இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளைக் கூரியரில் வரவழைத்தான். 01.03.2025 சனிக்கிழமை காலை 9 மணிக்கு வண்டியை என் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். நான் அவனுக்குத் தாய்மாமன் என்பதால் அன்று வேறு வேலை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, புது சைலன்சரை இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப்போடு சேர்த்து மாட்டினேன். சத்தத்தை அடக்குவதற்காக அதற்குள் ஒரு சின்னக் குழல் வைத்திருந்தார்கள். அதையும் உருவி எடுத்துவிட்டேன். அதன் பின்னர் ஸ்டார்ட் செய்தோம். அந்தச் சத்தத்தில் மலைக்கோட்டை எழுந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தது என்று சற்று முன் இங்கே சொன்னேன். தலைமைக் காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நடந்தது இதுதான்: எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

அதன் பின்னர் பாடி கிட்டை மாட்டினேன். இன்ஜினுக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் கீழ்ப் பேனலில்தான் சிக்கல் வந்தது. புது பெண்ட் பைப் பருமனானது. பேனல் பைப்பில் இடிக்காமல் இருக்க ஓர் இரும்புத் தாங்கியும், பேனலின் உட்புறம் ஒட்டுவதற்கு வெள்ளி நிறத்தில் ஒரு வெப்பத் தகடும் பெட்டியில் இருந்தன. தாங்கியை வைத்து மாட்டியபோது பேனல் ஓர் அங்குலம் வெளியே தள்ளி நின்றது. ரொனால்டு பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "மாமா, மாசமா இருக்கிற மாதிரி தள்ளிக்கிட்டு நிக்கிது. ஒட்டி உக்கார வைங்க" என்றான். தாங்கியைக் கழற்றினேன். தகடு இருந்தால் திருகாணி பிடிக்கவில்லை என்பதால் அதையும் எடுத்து அலமாரியில் போட்டேன். அதன் பின்னர் பேனல் அழகாக உட்கார்ந்தது. பேனலுக்கும் பெண்ட் பைப்புக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. தகடு வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான். ரொனால்டு அல்ல. அந்தத் தாங்கியையும் தகட்டையும் இன்று கொண்டுவந்து ஆய்வாளர் மேசை மீது வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் 4 மணிக்கு ரொனால்டு டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அக்கா வந்தார். எங்கள் கோவிலில் போன வருடக் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை வீட்டில் வைத்திருந்து, சாம்பல் புதனுக்கு முன்பு கோவிலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அவற்றை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். அக்கா வீட்டு ஓலைகளையெல்லாம் கொடுத்துவிட்டு, சிலுவையாக மடித்த ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார். போன வருடம் ரொனால்டு டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது அவன் தலைமாட்டில் இருந்த சிலுவை அது. தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது.

"தம்பி, இத வண்டிக்குள்ள எங்கயாச்சும் வச்சிரு. அவனுக்குத் தெரிய வேணாம், பாத்தா பிச்சு எறிஞ்சிருவான்" என்றார்.

"அக்கா, நான் வைக்கிற எடத்துல சாத்தானே பட்டாளத்தக் கூட்டிட்டு வந்து சலிச்சாலும் கெடைக்காது" என்றேன்.

அதன் பின்னர் கீழ்ப் பேனலைத் திரும்பக் கழற்றி, உட்புறம் பைப்பை ஒட்டியுள்ள போல்ட்டில் அந்தச் சிலுவையை வைத்துக் கட்டுக்கம்பியால் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினேன். சீட்டுக்கு அடியில் இடம் இருந்தது. டூல் பெட்டியிலும் இடம் இருந்தது. அவன் கண்ணில் படாது என்பதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெண்ட் பைப் சூடேறினால் அதில் சப்பாத்தி சுடலாம் என்று வாடிக்கையாளர்களிடம் நானே சொல்வதுண்டு. நான் சொல்லி வந்தவற்றில் பெரிதாக்கப்படாதது அது ஒன்றுதான். அக்கா கட்டை விரலால் பெட்ரோல் டேங்க் மீது சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

02.03.2025 ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரொனால்டு வந்து, "மாமா, வண்டி நின்னா கருகல் வாசம் வருது" என்றான். "புது சைலன்சர் பெயிண்ட்டுடா. கல்யாணப் பொண்ணுகிட்ட ரெண்டு நாளைக்கு மஞ்ச வாசம் வரும்ல, அது மாதிரி" என்றேன். குனிந்து பார்க்கவில்லை.

03.03.2025 திங்கட்கிழமை காலை மறுபடியும் வந்தான். வெள்ளைப் பேனலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், சுட்டது. பேனலைக் கழற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். பெட்டியில் தேடி ஒரு ஸ்டிக்கரை எடுத்து அந்தப் புள்ளியின் மீது ஒட்டிவிட்டேன். அது தீச்சுவாலை படம் போட்ட ஸ்டிக்கர். "இப்பப் பாருடா, எமனே வழி விட்டு ஒதுங்கி நிப்பான்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

அன்று மதியம் 12 மணிக்கு மணிமாறன் என் கொட்டகைக்கு வந்தார். அவர் வீடும் சம்பங்கித் தோட்டமும் அதே சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ளன. கையில் எதுவும் கொண்டுவரவில்லை. "அண்ணே, ஒங்க மருமகன் வண்டி எங்க வீட்டத் தாண்டுறப்பல்லாம் புள்ள தூக்கிப் போட்டு அலறுது. பொறந்து இருவத்தேழு நாளுதான் ஆச்சு. சத்தத்த மட்டும் செத்தக் கொறச்சு விடுங்க" என்றார்.

"ஏலே அப்பு, அது சத்தமில்ல, சங்கீதம். ஒம்புள்ள இப்பருந்தே தாளம் படிக்கட்டும்" என்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மணிமாறன் முகம் சிவந்துபோய், "இன்னொருக்கா அந்தப் பக்கம் வந்தா சாவியப் புடுங்கிக் கெணத்துல போட்டுருவேன்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதன் பின்னர் என் பானையில் தண்ணீர் மொண்டு குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

04.03.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் 11.15 மணிக்கு, ரொனால்டு வண்டி எரிகிறது என்று போன் வந்து அங்கே போனேன். மணிமாறன் தோட்டத்துக்கு எதிரே சாலையோரம் வண்டி சாய்ந்து கிடந்து எரிந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களை விடக் கீழ்ப் பேனல் இருந்த பக்கம் முழுவதும் உருகி ஒழுகியிருந்தது. ரொனால்டு ஈரச் சாக்கு போர்த்தப்பட்டு வரப்பில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே வலது காலைப் பார்க்க முடியவில்லை. மணிமாறன் அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கு வைத்திருந்த ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன் இருந்தது. அது மூடி திறக்காமல், முழுதாக இருந்தது. இதை நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வாக்குமூலத்தில் இதைச் சொல்லவில்லை.

அதன் பின்னர் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போனோம். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் சட்டையைப் பிடித்து, "யாருடா எம்புள்ளைய இப்பிடிப் பண்ணுனது?" என்று கேட்டார். ஓலை அப்போது என் நினைவுக்கு வரவில்லை. அலமாரியில் கிடக்கும் தகடு நினைவுக்கு வந்தது. "மணிமாறன்" என்றேன். அதன் பின்னர் காவலர் வந்து கேட்டபோது, மணிமாறன் பெட்ரோல் கேனோடு என் கொட்டகைக்கு வந்ததாகவும், வண்டியையும் அவனையும் சேர்த்துக் கொளுத்துவேன் என்று ஊரே கேட்கச் சபதம் போட்டதாகவும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. எனக்கே நடந்ததைப் போல இருந்தது. ரொனால்டுக்கு நினைவு வராததால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. அன்று மாலை மணிமாறனை இரண்டு கைகளிலும் போட்ட மருந்துக் கட்டோடு கைது செய்து, மறுநாள் சிறையில் அடைத்ததாக அறிந்தேன்.

05.03.2025 சாம்பல் புதன் காலை அக்காவும் நானும் மருத்துவமனைக்குப் பக்கத்துக் கோவிலுக்குப் போனோம். சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசினார். கொஞ்சம் மூக்கின் மேல் உதிர்ந்தது. கருகிய ஓலையின் அந்த வாசனையை, ஞாயிற்றுக்கிழமை ரொனால்டு வண்டியில் குனிந்திருந்தால் நானும் முகர்ந்திருப்பேன் என்று அப்போது தெரிந்தது. இடத்தை விட்டு நகர முடியாமல் நின்றேன். பின்னால் நின்ற அக்கா என் காதருகே, "அந்த ஓல உள்ள இருந்ததாலதான்டா உசுராச்சும் மிஞ்சுச்சு" என்றார்.

அதன் பின்னர் மணிமாறன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜீவிதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "சத்தம்தான் நின்னு போச்சுல்லண்ணே. இனி அவர விட்டுருவாங்கள்ல?" என்று கேட்டார்.

அன்றே அங்கிருந்து இந்த நிலையத்துக்கு வந்து, வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருக்கும் வண்டியைக் குனிந்து பார்த்தேன். பேனல் இல்லை. ஓலை இல்லை. பெண்ட் பைப்பை ஒட்டிய போல்ட்டில் நான் முறுக்கிய கட்டுக்கம்பி மட்டும் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருக்கிறது. பக்கத்தில் பெட்ரோல் ஓஸ் உருகி அறுந்திருக்கிறது. நான் எதையும் தொடவில்லை. சாட்சிகளை வைத்து அந்தக் கம்பியைக் கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைக் கட்டிய கை என்னுடையது. மணிமாறன் தீ வைக்கவில்லை; தீயை அணைத்தார்.

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்க அக்காவும் என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மணிமாறன் மீது நான் மேலும் சாட்சி சொல்ல வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஓலையைப் பற்றி அவரிடம் நானே சொல்வதற்கு அனுமதி கேட்டேன். ஆய்வாளர் சரி என்றார்.

மேலே எழுதியதைத் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடி இருக்கிறது. யாருடைய மிரட்டலுக்காகவும் சொல்லவில்லை. இதில் ஒரு சொல்லையும் நான் பெரிதாக்கவில்லை.

வாசித்து முடித்த பின் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: தலைமைக் காவலருக்கு வெளியே பெஞ்சு வரை கேட்கும் கனத்த குரல். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எந்த வரியிலிருந்து கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

(ஒப்பம்) பி. ராயப்பராஜ்
06.03.2025, பகல் 12.40 மணி