மூவாயிரத்து இருநூறு லிட்டர் பால்

ஹலோ... ஹலோ, பால்ச்சாமியா? ... இல்லம்மா, ராங் நம்பர் இல்ல, வச்சிராதீங்க. நாந்தான், சீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை வைகுண்டராஜ். ... ஆமா டீச்சரம்மா, சனிக்கிழம சனிக்கிழம ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்து உங்ககிட்ட கம்ப்யூட்டர்ல லோட்டஸ் கணக்கு படிக்கேனே, அதே வைகுண்டராஜ்தான். ... பால்ச்சாமியா? அது நம்ம பால்காரன். சுந்தரபாண்டியத்துல இருந்து பால் கொண்டாருவான். ... மெதுவாத்தான் பேசுதேன். பேங்க் மேனேஜர் நம்ம கடைக்குள்ளதான் உக்காந்திருக்காரு. பால்காரனுக்குப் போன் போடுதேன்னு சொல்லிட்டுல்லா வந்திருக்கேன்.

... ஆமா, ஆமா, பாய்லர் லோன் விசயமாத்தான். நாம போட்ட அஞ்சு வருசக் கணக்க பிரிண்ட் எடுத்துக் குடுத்தீங்கள்லா, அதத்தான் மடியில விரிச்சு வச்சிருக்காரு. மொதல்ல சந்தோசமாத்தான் பாத்தாரு. யாரு போட்டதுன்னாரு. நானேதான் போட்டேன் சார், ஒரு கட்டத்துல நம்பர மாத்துனா மிச்சக் கட்டமெல்லாம் தானா மாறும்னேன். செத்த பெருமையாத்தான் சொல்லிட்டேன். ... அதுல தப்பில்லதான். பொறவு பென்சில எடுத்து ஒரு எடத்துல வட்டம் போட்டாரு. வைகுண்டராஜ், இன்னைக்கு நீரு தெனம் இருநூறு லிட்டர் பால் காச்சுதீரு, அஞ்சாவது வருசம் தெனம் மூவாயிரத்து இருநூறு லிட்டர்னு போட்டிருக்கு, அம்புட்டு மாட்டையும் எங்க கட்டப் போறீருன்னு கேக்காரு.

... சிரிக்காதீங்க தாயி. எனக்கு வேத்து ஊத்துது.

... எப்படி வந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? மிசினுதான் போட்டுச்சு. சுந்தரபாண்டியத்துல இருக்க மாடு, எரும அம்புட்டையும், கன்னுக்குட்டிக்குக்கூட விடாமக் கறந்தாலும் அதுல பாதி தேறாது. உங்க கம்ப்யூட்டர்ல ஏதும் கோளாறு கீளாறு... ... இல்ல, இல்ல, மிசினக் கொற சொல்லல. ... சரி, நம்ம பிளாப்பிய எடுத்துப் போட்டுப் பாருங்க. இருக்கேன்.

ஆமா பால்ச்சாமி! தண்ணி சேத்தேன்னு வையி, கேனத் திருப்பி விட்டுருவேன், ஆமா! ... உங்கள இல்ல தாயி. அவரு எட்டிப் பாத்தாரு, அதான்.

ஏட்டி ஆவுட, சாருக்கு இன்னொரு தட்டு வையி. சட்டியில இருந்து சூடா எடுத்து வையி.

... ஆங், சொல்லுங்க. தொறந்துட்டீங்களா. ... வளர்ச்சின்னு எழுதின கட்டம். ... ஆமா, வருசா வருசம் வியாபாரம் எம்புட்டு கூடும்ங்கிறதுக்கு வச்ச கட்டம். ... சைபர்தான் போட்டோம். மொதல்ல சைபர்ல வச்சுப் பாப்போம், பொறவு மாத்திக்கிடலாம்னீங்க, ஞாபகம் இருக்கு. ... இப்ப ஒண்ணு இருக்கா? ... ஒண்ணா...

... யாரு, நானா? ... நான் எதுக்கு அதப் போயி... ஹலோ, லைன் சரியாக் கேக்கல. ... கேக்குது, கேக்குது. ... சரி, நாந்தான்.

... அன்னைக்கு நீங்க சாப்பிடப் போனீங்கள்லா, செத்த நேரம் சும்மா உக்காந்திருந்தேன். பாத்தா, தாளு பூராம் சைபரு. பழைய கடன் சைபர், கூட்டாளி முதல் சைபர், வளர்ச்சி சைபர். மொத மொதல்ல ஒரு தொழிலுக்குக் கணக்கு எழுதுதோம், சைபராவா வைக்கிறது? மொய் எழுதினாக்கூட நூறுன்னா எழுதுதோம்? நூத்தியொண்ணுன்னுல்லா எழுதுதோம். அதான், சைபர் இருந்த எடத்துல எல்லாம் ஒண்ணு போட்டேன். ஒத்த ஒண்ணுதானே, என்ன செஞ்சிரப் போகுதுன்னு நெனச்சேன்.

... என்னது? ... அந்தக் கட்டத்துல ஒண்ணுன்னா நூத்துக்கு நூறா? ... அப்ப வருசா வருசம் ரெட்டிப்பு. ... இருநூறு, நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு... ... ஆமா. மூவாயிரத்து இருநூறு. கரெக்டாத்தான் வருது. என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேனே.

... மத்த ஒண்ணெல்லாம் பரவாயில்லையா. ... ஆமா, கூட்டாளி ஒரு ரூவா முதல் போட்டா போட்டுட்டுப் போறாரு. ... சரி, அந்த வளர்ச்சிக் கட்டத்துல பழையபடி சைபரையே போட்டுப் பாருங்க. ... போட்டாச்சா. ... மூணாவது வருசம் தவண கட்டக் காசு பத்தலையா? ... எம்புட்டு... ... வேண்டாம், எம்புட்டுன்னு சொல்லாதீங்க.

...

... இருக்கேன், இருக்கேன். ... இல்ல தாயி, ஒண்ணுமில்ல. இந்தப் பாய்லர் எனக்குப் பவுசுக்கா? பதினெட்டு வருசமா எம் பொண்டாட்டி ஆவுடதான் அடுப்பு முன்னால நின்னு கிண்டுதா. வெறகுப் பொகையில கண்ணு ரெண்டும் எப்பவும் செவந்துதான் கெடக்கு. மதுர ஆஸ்பத்திரியில அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. போகாம? அவ கை பட்டாத்தான் அந்தப் பதம் வருது. நீராவின்னா பொக கெடையாது. அதுக்குத்தான் அம்பது வயசுக்கு மேல உங்ககிட்ட வந்து அந்தக் கட்டத்தப் படிச்சேன். அவ பாவம் தாயி. நெனச்சா எனக்கு மனசே ஆறல.

... ம். ... ம். ... நெசமா எம்புட்டு கூடுதுன்னா? அது மனப்பாடமாத் தெரியுமே. போன வருசம் தெனம் நூத்தித் தொண்ணூறு லிட்டர். அதுக்கு முந்தின வருசம் நூத்தி எண்பது. ஆடிப்பூரத் தேருக்கு மட்டும் கூட... ... அத விட்டுரணுமா. சரி. ... நூத்துக்கு அஞ்சு தேறுமா. அப்ப அஞ்சு போடுங்க. ... ஐயையோ, போடாதீங்க, ஒண்ணு போட்டதுக்கே மாடு கட்ட எடமில்ல. ... ஆங், புள்ளி சைபர் அஞ்சு. ... அஞ்சாவது வருசம் இருநூத்து நாப்பத்து மூணு லிட்டர். அது நம்ம பால்ச்சாமியே தந்துருவான்.

... அப்பவும் ரெண்டரை லட்சத்துப் பாய்லர் தாங்காதா. ... சின்னதா? ... ஒரு லட்சம் போட்டுப் பாருங்க. ... தாங்குதா? தவண போக மாசம் எம்புட்டு மிஞ்சும்? ... நாலாயிரம். ... இன்னொருக்கா சொல்லுங்க தாயி. ... நாலாயிரம்.

... மேனேஜர்கிட்ட நானே சொல்லணுமா? ... நானேதான் போட்டேன்னு வேற சொல்லித் தொலச்சிருக்கேன். மிசின்ல கோளாறுன்னு சொன்னா... ... சரி, சரி, சொல்ல மாட்டேன். பால்ச்சாமி பால் கணக்கத் தப்பாச் சொல்லிட்டான்னு சொன்னா? ... இல்ல தாயி, கேளுங்க. அவன் சுந்தரபாண்டியத்துல கெடக்கான், அவனுக்கென்ன தெரியப்...

...

தாயி. வச்சிராதீங்க.

பால்ச்சாமி வந்துட்டான். ... நெசப் பால்ச்சாமி. ரெண்டு கேனையும் தூக்கிட்டு மேனேஜர் முன்னாலயே வந்து நிக்கான். வா பால்ச்சாமின்னு ஆவுட அவன் பேரச் சொல்லி வேற கூப்புட்டுட்டா. மேனேஜர் அவனப் பாக்காரு. என்னப் பாக்காரு. போனப் பாக்காரு.

... சொல்லிருதேன். நீங்க லைன்லயே இருங்க, எனக்குத் தைரியமா இருக்கும்.

சார். ... ஆமா சார், இவன்தான் பால்ச்சாமி. போன்ல இருக்கது கம்ப்யூட்டர் டீச்சர், நூர்பானு. ... தப்பு என்னுதுதான் சார். சைபர் இருந்த எடத்துல நான் ஒண்ணு போட்டுட்டேன். மிசின் மேலயும் தப்பில்ல, டீச்சர் மேலயும் தப்பில்ல. மூவாயிரத்து இருநூறு இல்ல சார், இருநூத்து நாப்பத்து மூணு. பெரிய பாய்லர் எனக்குத் தாங்காது. சின்னதுக்கு ஒரு லட்சம் குடுத்தீங்கன்னா, இந்தா நிக்காளே, இவ கண்ணு பொழச்சுக்கிடும்.

...

தாயி, இருக்கீங்களா? சிரிக்காரு. ... கோவமெல்லாம் இல்ல, வயித்தப் புடிச்சிட்டுச் சிரிக்காரு. தெனம் இருநூத்து நாப்பத்து மூணு லிட்டர் தருவியான்னு பால்ச்சாமிகிட்டயே கேட்டுட்டாரு. தருவானாம். ... புதுத் தாளு எடுத்துக்கிட்டு நாளைக்கு பேங்குக்கு வரச் சொல்லுதாரு. ... ஆமா, குடுத்துருவாராம். ஒரு லட்சம்.

... ஆவுடையா? இந்தா, முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்கா. என்னட்டின்னா, பொகைங்கா.

... ரொம்ப சந்தோசம் தாயி. காலையில மொத பஸ்ஸுல வாரேன், புதுசா பிரிண்ட் எடுத்து வையுங்க. உங்களுக்கு ரெண்டு கிலோ கொண்டாரேன். ஒரே ஒரு விசயம். ... இல்ல, சின்ன விசயம். லோன்னு ஒரு கட்டம் இருக்குல்லா, அதுல ஒரு லட்சம்னா வரிசையா அஞ்சு சைபர்லா வருது. மொதக் கடன் அப்படியா வாங்குறது? கடேசிச் சைபர எடுத்துட்டு மட்டும்... ... ஒரு லட்சத்து ஒண்ணு. ... ஒத்த ஒண்ணுதான் தாயி, என்ன செஞ்சிரப்...

ஹலோ? ... ஹலோ?

வச்சிட்டாங்கட்டி.