அவள் பேச்சின் வேகம்

உங்கள் மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டரின் விசிறி இருமுகிறது, ஐயா. தூசி தட்டினால் போதும், சரியாகிவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனைப் பிடித்து உட்கார வைத்தால் இதுதான் தொல்லை. கண் முதலில் அங்கேதான் போகும்.

என் மனைவிக்கு வந்த நோய் முதலில் கைகளை எடுத்துக்கொண்டது, பிறகு கால்களை, கடைசியில் குரலை. கண்கள் மட்டும் மிச்சம். திரைக்குக் கீழே ஒரு கேமரா. அவள் பார்க்கிற எழுத்துகளைப் பிடித்துக் கோர்த்து, அவளுக்காகக் கம்ப்யூட்டர் பேசும். வாங்கிக் கொடுத்தவர் அவள் அண்ணன். நல்ல மனுஷர், ஆனால் பழைய கம்ப்யூட்டர். ஒவ்வொரு எழுத்துக்கும் யோசித்தது. நான் ஒரு ஜோக் சொல்லி, அடுத்ததையும் சொல்லி, அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது "ஹா ஹா" என்று வரும். என் ஜோக்குக்குச் சிரிப்பு தாமதமாக வருவது புதிதில்லைதான். ஆனாலும் அதற்காக நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

அதன் பிராசசர் பூட்டிய வகை. குறித்த வேகத்துக்கு மேல் ஓடாதபடி தயாரித்தவர்களே கட்டிப்போட்டிருப்பார்கள். போர்டுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றினால் சுற்றுவழியில் வேகத்தை ஏற்றலாம். ஒரே சிக்கல், சூட்டை அளக்கும் கணக்கு அதோடு செத்துவிடும். கொதித்தாலும் கம்ப்யூட்டருக்கே தெரியாது. அதனால் அவ்வப்போது விரலை வைத்துப் பார்ப்பேன், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

வேகம் வந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு: "நான் லேட்டா சிரிக்கலப்பா. சிரிப்பே வரல. பாவமேன்னு எழுதினேன்."

விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணைத் துடைக்கத் துண்டு தேட வேண்டியிருந்தது.

பிறகு சொன்னாள்: "நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க நர்ஸ் வருவாங்க."

"நான் இருக்கேனே. நர்ஸைவிட அழகா வேற இருக்கேன்."

"நீ என்னப் பேசவே விடறதில்ல. நான் முடிக்கறதுக்குள்ள நீயே முடிச்சிடற."

"அதாவது, வேகம் இன்னும் பத்தலங்கற..."

"பாத்தியா, இப்பவும்."

அண்ணன் வருகிற நாளில், அவள் தடங்கலில்லாமல் பேசட்டும் என்று வேகத்தை இன்னும் ஏற்றினேன். வோல்டேஜையும் கூட்டினேன். இரைச்சல் அவள் பேச்சை மறைக்கக்கூடாது என்று விசிறியின் வயரைக் கழற்றினேன். விரல் வைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது கம்ப்யூட்டரைத் தடவிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்.

"அண்ணா, என்னை உன் வீட்டுக்கு" என்பதோடு திரை அணைந்தது. புகைகூட வரவில்லை.

"என் வீட்டுக்கு? என்னம்மா?" என்றார் அவர்.

"கூப்பிடாதேன்னு சொல்றா, மச்சான். இங்கயே இருந்துக்கறாளாம்."

அவள் கண்கள் திரைக்கும் அவருக்குமாக ஓடின, ஓடின. "பாருங்க, எவ்வளவு சந்தோஷம்" என்றேன். அவர் அவள் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

எரிந்துபோன போர்டு மாதிரியே வேறொன்று என் கடையில் இருந்ததா என்று கேட்டீர்கள். ஓர் அலமாரி நிறைய இருந்தது. கிடைக்கவில்லை என்று மழைக்காலம் முழுக்க மச்சானிடம் சொல்லிவந்தேன். பொறுமையிழந்து அவரே வேறொரு கடைக்குத் தூக்கிப் போனதில்தான் கழற்றிய வயர் தெரிந்தது. கம்ப்யூட்டர் தானாகப் பழுதாகவில்லை, ஐயா. எரியும் என்று தெரிந்தே எரித்தேன். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரிடம் ஜோக் சொல்வது?

மற்றபடி மருந்து, சாப்பாடு, குளியல், எதிலும் குறை வைக்கவில்லை. பேச்சுக்கும் குறையில்லை, அவள் பங்கையும் நானே பேசினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடப்பாள். தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிடுவேன்.

இப்போது அடுத்த அறையில், புதுக் கம்ப்யூட்டரில், அவள் தன் வாக்குமூலத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவள் முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம், ஐயா. என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.