ஜோடிப் பாட்டுக் கட்டம்

– திரும்ப வந்து குந்திக்கிட்டு இருக்குது பாருங்க ஸமீம் நானா. போன கெழம என் கையாலதான் எடுத்தேன்.

– எது மோகன்? கண்ணாடியப் போட்டுக்கொள்ளவாவது உடுங்கொ. எண்ட கம்ப்யூட்டர் கடைக்குள்ள வந்து இன்னும் கதிரையில கூட இருக்கல்ல, அதுக்குள்ள போனத் தூக்கி மூஞ்சியில நீட்டுற.

– இந்த டிக்குதான். கலைஞர்கள் வெப்சைட்டுல என் பக்கத்துல ‘ஜோடிப் பாட்டு’ன்னு ஒரு கட்டம். அதுக்குள்ள சரி விழுந்திருக்குல்ல, அது.

– அட, நம்மட பழைய பக்கம்! நான்தானே தெறந்து தந்த. ‘சாரல் இசைக்குழு, மோகனராஜ் – சிந்துஜா.’ போட்டோவும் அப்பிடியே ஈக்கிது. அல்லாஹ்வே, அப்ப ஒங்களுக்கு எவ்வளவு முடி!

– முடிய விடுங்க நானா. டிக்க எடுத்துத் தாங்க. அதுக்காகத்தான் ஹாட்வெயார் கடைக்கு லீவு சொல்லிட்டு நாவலப்பிட்டியில பஸ் ஏறி வந்தேன்.

– அது பாட்டுக்கு ஒரு மூலையில ஈக்கட்டுமே. ஒங்களுக்கு என்ன கரச்சல்?

– போன் வருது. கம்பளையில கல்யாணம், புசல்லாவயில திருவிழான்னு கூப்புடுறாங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி. ‘அந்த அக்காவும் வருவாங்கதானே?’ இல்லங்க, அவங்க இப்ப பாடுறதில்லன்னு நான் சொல்லணும். இனிமே என்னால முடியாது.

– சரி சரி, கோவிக்காதீங்கொ. லொகின் பண்ணுவோம். பாஸ்வேர்ட் என்ன?

– அப்ப வச்சதுதான். மாத்தவே இல்ல. மடுல்கெல்ல.

– நம்மட மொத ஷோ நடந்த எடம்! மூணு பேரும் இந்த மேசையில இருந்துதானே அதத் தெரிஞ்செடுத்த. வேற யாருக்கும் செல்லப்படாது எண்டு சிந்துஜா சத்தியம் வேற வாங்கின.

– நான் யார்ட்டயும் சொல்லல.

– இப்ப செல்லுங்கொ. போன கெழம என்ன செஞ்ச? ஜோடிப் பாட்ட மட்டுமா எடுத்த?

– எல்லாத்தையும் எடுத்தேன். தனிப்பாட்டு, பக்திப் பாட்டு, கிராமியம், ஒண்ணு விடல. பாட்டே வேணாம்னுட்டுதான் எடுத்தேன். மூணு நாள் கழிச்சு கம்பளைக்காரரு பேசுறாரு. தெறந்து பாத்தா எல்லா டிக்கும் பழையபடி இருக்குது.

– பிழை அங்கதான். ஒண்டுமே போடாம சேமிச்சா மெஷின் என்ன நெனைக்கும்? ‘இந்த மனிசன் கேள்விக்குப் பதிலே செல்லல்ல’ எண்டு நெனைச்சு, முன்னால இருந்ததயே கொண்டு வந்து வெச்சுக்கொள்ளும். புதுசா ஏதாவது ஒண்டப் போட்டாத்தான் பழசு போகும்.

– நல்ல மெஷினு. மனுசங்க மாதிரியே இருக்குது.

– அப்ப எதயாவது ஒண்டச் செல்லுங்கொ. வாத்தியம்?

– ஜால்ரா கூட தாளம் தப்பித்தான் போடுவேன். ஒங்களுக்குத் தெரியாதா?

– தெரியும், எண்ட கீபோர்டயே தடுமாற வெச்ச ஆள்தானே. பாட்டு சொல்லிக் குடுக்குற?

– வேணாம்.

– இன்னா ஈக்கிது, ‘அறிவிப்பாளர்.’ மைக்கப் புடிச்சு நாலு வசனம் பேசினாப் போதும். அந்தக் கொரல ஏன் ஹாட்வெயார் கடையில ஆணி விக்கிறதுக்கு வெச்சீக்கிற?

– சரி, அதப் போட்டுத் தொலைங்க. மத்ததெல்லாம் எடுத்துருங்க.

– எடுத்தாச்சி. இனி கீழ ஒரு கேள்வி. ‘எந்தச் சுருதியில் பாடுவீர்கள்? மேல், நடு, கீழ்.’ இந்த வெப்சைட் செஞ்சவன் யாரோ ஆர்மோனியக்காரன்ட மவனா ஈக்கும். இதுல ‘மேல்’ எண்டு விழுந்தீக்கிது. இதயும் எடுக்கவா?

– அதுல கை வைக்காதீங்க!

– ஏன் சத்தம் போடுற?

– அது சிந்து போட்டது. நீங்க நடுவுல போடப் போனீங்க. ஒங்க கையத் தட்டிவிட்டுட்டு, மௌசப் புடிச்சு அவங்களே போட்டாங்க. ‘எனக்கு மேல வரைக்கும் போகும், ஏன் கொறைச்சுச் சொல்லணும்?’ன்னாங்க. அது அப்பிடியே இருக்கட்டும் நானா.

– ஓ... மறந்தே போன. சரி, அத உட்டுட்டுச் சேமிக்கிறன். இன்னா, ‘விபரம் மாற்றப்பட்டது, உறுதிச் செய்தி அனுப்பப்பட்டது.’ போனப் பாருங்கொ, மெசேஜ் வந்தீக்கும்.

– ஒண்ணும் வரலையே.

– வேற ஏதாவது நம்பரக் குடுத்தீக்கும். பரவாயில்ல, டிக் போச்சி, அதுதானே வேணும். இனி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்கொ. மழையும் தூறுது.

– நாவலப்பிட்டி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. குடிப்போம். ஆமா, ஒங்க கீபோர்டு எங்க?

– இந்த அலுமாரிக்கு மேல. போர்வ போத்தி வெச்சீக்கிறன். எண்ட பொஞ்சாதி ரபீகா தூசி தட்டுறப்ப எல்லாம் கேக்குற, இத விக்கிறல்லயா எண்டு. வித்தா அந்தக் காலமும் சேந்து போகும் எண்டு நான் வாயத் தெறக்கிறல்ல.

– மடுல்கெல்லயில ஜெனரேட்டர் நின்னது ஞாபகம் இருக்குதா?

– எப்பிடி மறக்குற! மைக் இல்ல, வெளிச்சம் இல்ல, எண்ட கீபோர்ட் வெறும் பலகை. சனம் எழும்பப் பாத்த.

– சிந்து மேடை ஓரத்துக்கு வந்து சும்மா பாட ஆரம்பிச்சாங்க. பின்னால தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசல்ல நின்னவங்களுக்கும் கேட்டுச்சு. ஆளாளுக்கு டோர்ச்ச அவங்க மேல அடிச்சாங்க. நான் எங்க சேந்துக்கிட்டேன்னு எனக்கே தெரியாது. பாட்டு முடிஞ்சப்பதான் நானும் பாடியிருக்கேன்னு வெளங்கிச்சு.

– பொறவு கடதாசித் துண்டு வந்திச்சே! ‘மோகன் அண்ணனும் அண்ணியும் இன்னொரு பாட்டுப் பாடவும்’ எண்டு.

– எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அப்பிடித்தானே எழுதி அனுப்புனாங்க. புருஷன் பொண்டாட்டின்னே நெனைச்சாங்க.

– நீங்களும் இல்லயெண்டு சென்னதில்லயே.

– அவங்களும் சொன்னதில்ல நானா. துண்டப் படிச்சுட்டு சிரிப்பாங்க, மடிச்சுக் கைப்பைக்குள்ள வச்சுக்குவாங்க. பிளாஸ்குல கொத்தமல்லித் தண்ணி கொண்டாருவாங்க. மொத மூடி எனக்கு. அப்பறம்தான் அவங்க குடிப்பாங்க. ஹேவாஹெட்ட ரோட்டுல வேன் பொதைஞ்சு கெடந்தப்பவும் மொத மூடி எனக்குத்தான்.

– அப்ப கேட்டீக்கலாமே மோகன்.

– கேக்கணும்னுதான் இருந்தேன். அடுத்த ஷோ முடியட்டும், அடுத்த ஷோ முடியட்டும்னு. அப்பறம் கழுத்துல கட்டின்னாங்க, ஆபரேஷன்னாங்க.

– கண்டி ஆஸ்பத்திரியில நானும் போய்ப் பாத்தேனே. பேச்சு வந்த, பாட்டு வரல்ல.

– வீட்டுக்குப் போனேன். ‘மேல போகல மோகன், தொண்டை ஒடையுது, வேற ஆளப் பாத்துக்குங்க’ன்னாங்க. பாட்டு வராட்டிப் பரவாயில்ல, நீங்க வந்தாப் போதும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. தொண்டையப் பாத்து எரக்கப்பட்டுச் சொல்றேன்னு நெனைச்சுருவாங்களோன்னு பயந்து வந்துட்டேன். அப்பறம் கொரோனா. அவங்க ஹட்டனுக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. நானும் வேற ஆளப் பாக்கல.

– ஒரு தரமாவது போன் பண்ணினீங்களா?

– பாட்டப் பத்தித்தான் கேக்கணும். வேற என்ன பேச்சு இருந்துச்சு எங்களுக்குள்ள? புண்ணுல குத்துன மாதிரி ஆகிரும். அவங்க அதெல்லாம் மறந்துட்டு நிம்மதியா இருக்காங்க. நானும் மறக்கத்தானே வேணும். அதுக்குத்தான் இந்த டிக்கு.

– டீ ஆறுது, குடிங்கொ.

– குடிச்சுட்டேன். நேரமாகுது, கெளம்புறேன். அதுக்கு முந்தி ஒருக்கா தெறந்து காட்டுங்க. திரும்ப வரலன்னு கண்ணால பாத்தாத்தான் நிம்மதி.

– அதெல்லாம் வராது. நான் செஞ்ச வேல. இன்னா பாருங்கொ... பொறுங்கொ.

– என்ன?

– மோகன், இது எப்பிடி? ஜோடிப் பாட்டுல டிக் ஈக்கிது.

– நான் சொன்னேன்ல! ஒங்க மெஷினு பழசத்தான் திரும்பக் கொண்டாந்து வைக்குதே!

– இல்ல, இது மெஷின்ட வேல இல்ல. பழசயே கொண்டு வந்திருந்தா தனிப்பாட்டும் பக்திப் பாட்டும் வந்தீக்கோணும். அது ஒண்டும் வரல்ல. நாம போட்ட அறிவிப்பாளரும் அப்பிடியே ஈக்கிது. ஜோடிப் பாட்டு மட்டும் வந்தீக்கிது.

– நீங்க ஏதும் தெரியாம அமுத்துனீங்களா?

– ஒங்களோட டீ குடிச்சிக்கொண்டுதானே இருந்த. கீழயும் பாருங்கொ. சுருதி.

– மேல்தானே?

– ‘மேல்’ இல்ல. அத எடுத்தீக்கிது. ‘கீழ்’ல டிக் ஈக்கிது.

– எங்க, நான் பாக்குறேன். ஆமா, கீழ்தான்.

– மோகன், இந்தப் பக்கத்தத் தெறந்த நாள் ஒங்கள்ட்ட என்ன போன் இருந்த?

– பட்டன் போன்தான். மெசேஜ் கூட ஒழுங்கா வராது.

– அப்ப உறுதிச் செய்திக்கு யார்ட நம்பரக் குடுத்த?

– சிந்துவோட நம்பர.

– பாஸ்வேர்ட் மூணு பேருக்குத்தான் தெரியும். ரெண்டு பேரு இங்க ஈக்கிறோம்.

– அப்ப போன கெழமயும்...

– மெஷின் வெச்சதோ, அவ வெச்சதோ, எனக்குத் தெரியா. இப்ப வெச்சது அவதான். ‘மேல்’ எண்ட டிக்க வேற யாரும் தொட நீங்க உடல்ல. அவ தன்ட கையால எடுத்தீக்கிறா. போனப் போடுங்கொ மோகன், நம்பர் இங்கயே ஈக்கிது.

– இப்பப் பேசுனா எனக்கு அழுகைதான் வரும் நானா. மொதல்ல அந்த அறிவிப்பாளர எடுத்துட்டுச் சேமிங்க, அவங்களுக்கு மெசேஜ் போகட்டும். அப்பறம் அலுமாரிக்கு மேல இருக்குறத எறக்குங்க, நானும் கீழ் சுருதியில பாடிப் பழகணும்.